தொட்டுப் பார்க்கும் கூடை

என் தம்பி மகளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது நான் அவர்கள் வீட்டில் எட்டு மாதம் இருந்தேன். என்னைப் பாடாலூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கணவர் வேலைக்காக வெளிநாடு போன அதே வருடம், பெரம்பலூரில் நான் வேலை பார்த்த ப்ளே ஸ்கூலையும் மூடிவிட்டார்கள். மாமியார் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெயங்கொண்டம் பஸ் ஏறிவிட்டேன்.

தம்பி சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறான். எங்களுக்குச் சொந்த ஊர் திருமானூர் பக்கம். நெல்லும் கரும்பும்தான் எங்களுக்குத் தெரிந்த வெள்ளாமை. அப்பா போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஜெயங்கொண்டத்தின் ஓரத்தில் வாடகைக்கு வீடு பிடித்து அம்மாவையும் அங்கே கூட்டி வந்துவிட்டான். அவன் மனைவி அந்தப் பக்கத்துப் பெண். முந்திரிக் காடுகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். குழந்தை பிறந்து வீட்டில் இருந்தவள், நான் வந்து சேர்ந்த ஒரு மாதத்தில் மறுபடியும் போக ஆரம்பித்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன் என்று நான்தான் சொன்னேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு வருடம். குழந்தை இல்லை. தம்பி மகளை நான் எப்படிப் பார்த்திருப்பேன் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ப்ளே ஸ்கூலில் நான்கு வருடம் சின்னக் குழந்தைகளோடு இருந்தவள் நான். எழுத்தும் எண்ணும் அங்கே கிடையாது. தட்டில் ரவையைப் பரப்பி வைப்போம்; பிள்ளைகள் விரலால் கோடு இழுப்பார்கள். தண்ணீர் நிரப்பிய டப்பில் பஞ்சைப் போட்டுப் பிழிய விடுவோம். செம்பருத்திப் பூவை உள்ளே வைத்து ஐஸ் கட்டி செய்து, அது கரைந்து பூ வெளியே வரும்வரை கையில் உருட்டக் கொடுப்போம். பிளாஸ்டிக் பாட்டிலில் மக்காச்சோளத்தைப் போட்டு மூடியை ஒட்டிவிட்டால் ஒரு சத்தம்; கேழ்வரகு போட்டால் வேறு சத்தம். ஒவ்வொரு பிள்ளையும் எதை முதலில் தொடுகிறது, எதற்கு முகம் சுளிக்கிறது என்று நான் நோட்டில் எழுதி வைப்பேன். அந்த வேலையில் எனக்குக் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு, முன்பு போல் இல்லை.

அதையெல்லாம் தம்பி வீட்டு நடுக்கூடத்தில் ஆரம்பித்தேன். குழந்தை முதல் நாள் ரவையில் கை வைத்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு வாரத்தில் பாயை விரித்தாலே ஓடி வந்து உட்கார்ந்துவிடுவாள். சின்ன வெங்காயச் சருகை ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தால் அரை மணி நேரம் நொறுக்கிக்கொண்டிருப்பாள். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை.

"ரவையத் தரையில கொட்டி வெளையாடுறதுக்கு ஒரு படிப்பா? கூட்டிப் பெருக்குறது யாரு?" என்பாள்.

தம்பி மனைவி அப்படிச் சொல்ல மாட்டாள். வேலை முடிந்து நாலு மணிக்கு வந்து குளித்துவிட்டு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு என்னா செஞ்சா அண்ணி?" என்று கேட்பாள். நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள், "நீங்க சொல்லச் சொல்ல, எனக்கே போயி அதுல கை வைக்கணும்போல இருக்கு" என்றாள். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் உள்ளுக்குள் வேறு ஒன்று ஓடியது. பெற்றவள் இவள், வளர்க்கத் தெரிந்தவள் நான் என்று. வாய்விட்டுச் சொன்னதில்லை. நினைத்தேன் என்பது எனக்குத் தெரியும்.

செய்வதையெல்லாம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பேன். பெரம்பலூரில் என்னிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள் பார்த்துவிட்டு, "சூப்பர் மிஸ்" என்று அனுப்புவார்கள். நாளுக்கு நாள் புதிதாக ஏதாவது வைக்க வேண்டியிருந்தது. அப்படித்தான் அந்தக் கூடை வந்தது. ஒரு மூங்கில் கூடையில் விதவிதமான பொருட்களைப் போட்டு வைத்தால் குழந்தை தானாக எடுத்துத் தொட்டுப் பார்க்கும். தேங்காய் நார், மரக்கரண்டி, மணி உதிர்த்த சோளக்கதிர், ஒரு பிடி பருத்தி, வரிவரியாக இருந்த ஒரு கல். கடையில் வாங்கியது எதுவும் வேண்டாம், இந்த மண்ணில் கிடைப்பதாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பும் ஸ்டேட்டஸில் எழுத நன்றாக இருந்தது.

முந்திரி விளையும் ஊரில் கூடையில் முந்திரி இல்லாமல் எப்படி என்று தோன்றியது அதற்குப் பிறகுதான்.

சாயங்காலம் நடக்கப் போகும் வழியில் ஒரு தோப்பு இருந்தது. பழத்தோடு கீழே விழுந்து கிடந்த கொட்டைகளில் பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கி வந்து, என் அறை ஜன்னலில் ஒரு வாரம் காய வைத்தேன். பச்சைக் கொட்டையின் தோட்டில் பால் இருக்கும், பட்டால் வெந்துவிடும் என்று நான் கேள்விப்படாமல் இல்லை. அரியலூர் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது காதில் விழாமல் இருக்காது. ஆனால் எங்கள் பக்கம் முந்திரி கிடையாது. நான் கையால் உடைத்ததில்லை. காய்ந்துவிட்டால் பாலும் காய்ந்துவிடும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கேட்பதற்கு வீட்டிலேயே ஆள் இருந்தாள். பிறந்தது முதல் அந்தக் கொட்டையோடு புழங்கியவள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இந்த விஷயத்தில் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்ற நினைப்புதான்.

தனித்தனியாகப் போட்டால் குழந்தை விழுங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பயிற்சியெல்லாம் சரியாக இருந்தது. அதனால் கோணி ஊசியால் ஒவ்வொரு கொட்டையிலும் துளை போட்டு, கெட்டி நூலில் மாலையாகக் கோத்தேன். ஊசி இறங்கும்போது கறுப்பாக ஏதோ கசிந்தது. துணியால் துடைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். தம்பி லோடு ஏற்றப் போயிருந்தான். அம்மா ரேஷன் கடையில். தம்பி மனைவி வழக்கம்போல வேலைக்குக் கிளம்பும் முன் கொட்டகைக்குக் கட்டும் பழைய சேலையோடேயே குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். நான் பாயை விரித்துக் கூடையை வைத்தேன். குழந்தை நாரை எடுத்தாள், போட்டாள். கல்லை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு மாலையை எடுத்தாள். அது ஒன்றோடொன்று உரசிச் சத்தம் கொடுத்தது. அவளுக்குப் பிடித்துப்போயிற்று. நான் நாலைந்து போட்டோ எடுத்தேன். எதில் வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை. நிமிர்ந்தபோது ஒரு கொட்டையை வாயில் வைத்து முன்பல்லால் அழுத்திக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வாங்கி வைத்தேன். அழுதாள். பொருளைப் பிடுங்கியதற்கு அழுகிறாள் என்று நினைத்தேன். அழுகை நிற்கவில்லை. உதட்டைக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீரால் கழுவினேன், தேங்காய் எண்ணெய் தடவினேன், தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அப்படியே தூங்கிவிட்டாள். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டிய நேரம் அது. நான் அந்த நேரத்தில் மாலையை அறுத்து, பேப்பரில் சுருட்டி, தெருக்கோடிக் குப்பையில் போட்டுவிட்டு வந்தேன். ஒன்றும் ஆகாது என்று நம்பியிருந்தால் ஏன் அதைக் கொண்டுபோய்ப் போட்டேன் என்று பின்னால் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன்.

மத்தியானம் எழுந்தபோது உதடு வீங்கியிருந்தது. அம்மா பார்த்துவிட்டு எறும்பு கடித்திருக்கும் என்றாள். ஆமாம் என்றேன். நாலு மணிக்குத் தம்பி மனைவி வந்தபோது வாயைச் சுற்றியும் வலது கை விரல்களிலும் கொப்புளம் எழும்பியிருந்தது. அவளுக்கு ஒரு பார்வை போதுமாயிருந்தது.

"இது கொட்டைப் பாலு பட்டது" என்றாள். "கொட்டை எதையும் தொட்டாளா அண்ணி?"

"இல்லையே" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அவள் கேட்டு முடிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அம்மா அங்கேயே ஆரம்பித்துவிட்டாள். "வேற எங்கேருந்து வரும்? நீதான அந்தக் கொட்டகைச் சீலையோடயே புள்ளையத் தூக்கிட்டுத் திரியிற. காலையில அதோடதான பால் குடுத்துட்டுப் போன?"

"தொவச்ச சீலைதான் அத்தை. கையை எண்ணெ போட்டுக் கழுவிட்டுத்தான் வருவேன், தெனமும்."

"கழுவுன லட்சணந்தான் தெரியுதே."

தம்பிக்குப் போன் போட்டுவிட்டு மூன்று பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வயதானவர். அந்த ஊரில் இப்படி எத்தனையோ பார்த்திருப்பார். குழந்தையின் வாயை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "முந்திரிக்கொட்டை வாயில வச்சுதா?" என்று பொதுவாகக் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி மனைவி சொன்னாள்: "நான் கொட்டகையில வேலை பாக்குறேன் சார். என் மேலேருந்து பட்டிருக்கும்போல."

"பால் குடிக்கிற குழந்தையை வச்சுக்கிட்டு ஜாக்கிரதையா இருக்க வேண்டாமாம்மா? கண்ணுல படலை. அதுவரைக்கும் நல்லது" என்று சொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு சீட்டை வாங்கினாள். அவளே தன் மேல்தான் தப்பு என்று நம்ப ஆரம்பித்திருந்தாள். வரும் வழியெல்லாம் ஆட்டோவில் தன் சேலைத் தலைப்பை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

தம்பி வந்து குழந்தையின் வாயைப் பார்த்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினான். "இனி நீ போவேணாம்" என்றான். அவள் சரி என்றாள். அவ்வளவுதான்.

அந்த வேலை அவளுக்கு என்னவாக இருந்தது என்பது அவள் போவதை நிறுத்திய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பருப்பு பிளக்காமல் முழுசாக எடுப்பதில் அந்தக் கொட்டகையில் அவளை மிஞ்ச ஆள் இல்லையாம். கூட வேலை பார்த்த பெண்கள் இரண்டு பேர் குழந்தையைப் பார்க்க வந்தபோது சொன்னார்கள். "அவ ஒக்காந்த எடத்துல பேச்சும் சிரிப்புமா இருக்கும் டீச்சர். இப்ப எல்லாம் உம்முனு கெடக்கோம்" என்றாள் ஒருத்தி. என் தம்பி மனைவி சத்தமாகச் சிரித்து நான் அதுவரை கேட்டதே இல்லை. அவள் சிரித்த இடம் அது.

குழந்தைக்குப் பத்து நாளில் கொப்புளம் ஆறிவிட்டது. கீழுதட்டுக்குக் கீழே வெளிறிய ஒரு திட்டு மட்டும் நின்றது. ஆனால் அவள் கைகள் பழையபடி இல்லை. பாயை விரித்தால் வர மாட்டாள். ரவைத் தட்டை வைத்தால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவாள். ஒன்றரை வயதில் அப்படி நிற்கும் குழந்தையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. தண்ணீரைக்கூடத் தன் அம்மாவின் கை இருந்தால்தான் தொட்டாள். சோறு பிசைந்து கொடுத்தால் விரலில் ஒட்டியதை உதறி உதறி அழுவாள். நான் அதையும் ஒரு மாதம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு நோட்டை மூடிவிட்டேன். கணவரின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு காரணம் கிடைத்தது. பாடாலூருக்குக் கிளம்பிவிட்டேன்.

பெரம்பலூரில் வேறொரு ப்ளே ஸ்கூலில் வேலை கிடைத்தது. அதே ரவை, அதே பாட்டில், அதே தண்ணீர் டப். ஒரு அம்மா ஒரு நாள், "மிஸ், உங்களை நம்பி விட்டுட்டுப் போறேன், ஆபீஸ்ல எனக்குக் கவலையே இல்லை" என்றாள். அன்று முழுக்க என்னால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. இப்படி இரண்டு வருடம் ஓடியது.

போன வருடம் பள்ளி விடுமுறையில் ஜெயங்கொண்டம் போனேன். சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். மத்தியானம் அம்மா படுத்திருந்தாள். குழந்தை பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் அலசிப் போட்டுக்கொண்டே சொன்னேன். தோப்பில் பொறுக்கியது, துளை போட்டது, போனில் போட்டோ பார்த்துக்கொண்டிருந்தது, குப்பையில் போட்டது, எல்லாம்.

அவள் துவைப்பதை நிறுத்தவில்லை. முடித்த பிறகு, "தெரியும் அண்ணி" என்றாள்.

"அன்னைக்கேவா?"

"அன்னைக்குத் தெரியாது. நாலஞ்சு நாள் கழிச்சு, நீங்க எனக்குச் சோறு போட்டப்பப் பாத்தேன். உங்க கட்டைவெரல்லயும் இந்த வெரல்லயும் தோலு கறுத்து உரிஞ்சிருந்துச்சு. கொட்டை ஒடைக்கிற எங்களுக்கு அது தெரியாதா?"

என் விரல்கள் உரிந்தது உண்மைதான். மூன்று நாள் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டே திரிந்தேன். அவள் அதைக் கவனிக்க மாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

"அப்பவே ஏன் சொல்லலை நீ?"

"சொன்னா யாரு நம்புவா? நீங்க டீச்சரு. நான் தப்பிக்கிறதுக்குப் பழி போடுறேன்னுதான் சொல்லுவாங்க." ஒரு சட்டையை முறுக்கிப் பிழிந்தாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஊருக்குப் போறப்பவாச்சும் சொல்லுவீங்கன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பஸ் புறப்படும்வரை ஜன்னலோரம் நின்றாள். குழந்தையைப் பற்றி ஏதோ கேட்கத்தான் நிற்கிறாள் என்று நினைத்து, நான் வெங்காயச் சருகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் தம்பி வந்ததும், அம்மாவையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெரிதாக ஏதோ நடக்கும் என்று எதிர்பார்த்தேன். அம்மா, "ரெண்டு வருசம் ஆச்சு. புள்ள நல்லாத்தான இருக்கு. இப்ப எதுக்கு இதைக் கெளறிக்கிட்டு?" என்றாள். மருமகள் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள்.

தம்பி தன் மனைவியைப் பார்த்து, "வேணுன்னா நாளையிலேருந்து வேலைக்குப் போ" என்றான்.

"எங்க போறது? மெசின் வச்சுட்டாங்க. நாலு பேருதான் இருக்காங்க இப்ப."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போய் லாரியைக் கழுவ ஆரம்பித்தான். நான் இரண்டு வருடம் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்துவிட்டேன். அந்த வீட்டில் அதனால் ஒரு சாமான்கூட இடம் மாறவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டிய நாளில் சொல்லியிருந்தால் மெசின் வரும்வரையாவது அவளுக்கு வேலை இருந்திருக்கும், அந்தக் கூட்டத்தில் இன்னும் கொஞ்ச காலம் சிரித்திருப்பாள். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதி எனக்கு மட்டும்தான் கிடைத்தது. அதுவும் முழுசாக இல்லை.

மறுநாள் காலை நான் கிளம்ப இருந்தபோது தம்பி மனைவியே பேச்செடுத்தாள். குழந்தையை நர்சரியில் சேர்த்திருந்தார்கள். கிரேயானைப் பிடிக்க மாட்டேன் என்கிறாளாம், களிமண் கொடுத்தால் அழுகிறாளாம். அங்கே டீச்சர் வரச் சொல்லிப் பேசியிருக்கிறார்.

"இதெல்லாம் உங்களுக்குத்தான தெரியும். என்னா பண்ணணும் அண்ணி?" என்றாள்.

அப்படி என்னிடம் கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. பிள்ளைக்காகக் கேட்டாள். நான் பையைக் கீழே வைத்தேன். கோதுமை மாவைக் கொஞ்சம் தளர்வாகப் பிசைந்து, எண்ணெய் தடவி, குழந்தைக்கு முன்னால் தட்டில் வைத்தேன். அவள் உருண்டையைப் பார்த்தாள். கை பின்னால் போயிற்று.

"சுடுமா?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை, தன் அம்மாவிடம்.

"சுடாது கண்ணு" என்று நான் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தம்பி மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து தன் கையை மாவில் வைத்து அழுத்தினாள். எடுத்துக் காட்டினாள். மறுபடியும் வைத்தாள். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ குழந்தை ஒரு விரலை அம்மாவின் புறங்கை மேல் வைத்தாள். பிறகு விரலை நகர்த்தி மாவைத் தொட்டாள். நான் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் பயந்துவிடுவாளோ என்று பத்தரை மணி பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் போனில் கேட்டேன். தினமும் ராத்திரி சப்பாத்திக்கு மாவு பிசையும்போது அவளையும் உட்கார வைத்துக்கொள்கிறாளாம். இப்போது குழந்தை முழுக் கையையும் வைக்கிறாளாம். "நீங்க சொன்ன மாதிரிதான் செய்யிறேன் அண்ணி" என்றாள்.

நான் எதையும் சொல்லித் தரவில்லை. அவளே கையை வைத்தாள், குழந்தை பின்னால் வந்தது. அதைச் சொல்ல நினைத்தேன். அதற்குள் குழந்தை அந்தப் பக்கம் கூப்பிட, "வச்சுடறேன் அண்ணி" என்று வைத்துவிட்டாள்.